சென்னையில் வாடகை வீடு: முதலில் தண்ணீர், அடுத்து வழி, கடைசியில்தான் வீடு

ஊரில் யார் வீட்டுப் பிள்ளைக்காவது சென்னையில் வேலை கிடைத்தால், ஆர்டர் கைக்கு வந்த அன்றைக்கே எனக்கு போன் வந்துவிடும். "அக்கா, நல்ல ஏரியாவா ஒரு வீடு பாருங்களேன்." கோவில்பட்டியிலிருந்து கல்யாணமாகி வந்து குரோம்பேட்டையில் குடியிருக்கிறேன். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு வீடு பார்த்துக் கொடுப்பதே எனக்கு ஒரு துணைத் தொழிலாகிவிட்டது, கமிஷன்தான் கிடையாது. எல்லோருக்கும் போனில் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

"நல்ல ஏரியா எது?" என்று கேட்டால் என்னிடம் பதில் கிடையாது. இந்த ஊரில் ஒரே ஏரியாவில் ஒரு தெருவில் மழைத்தண்ணீர் முழங்காலுக்கு நிற்கும், அதற்கு இரண்டு தெரு தள்ளி சொட்டுத் தண்ணீர் இருக்காது. ஒரு தெருவில் போர்வெல் தண்ணீரில் சாம்பார் வைக்கலாம், அடுத்த தெருவில் வாய் கொப்பளிக்க முடியாது. அதனால் ஏரியா பெயரைக் கேட்டு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். தெருவைப் பாருங்கள்.

அதற்கும் முன்னால் ஆபீஸ் எங்கே இருக்கிறது என்று சரியாகக் கேட்டு வாங்குங்கள். "சென்னை ஆபீஸ்" என்று ஆர்டரில் போட்டிருந்தால் போதாது. சிறுசேரி சிப்காட் ஐ.டி. பூங்காவும் சென்னைதான், அம்பத்தூர் எஸ்டேட்டும் சென்னைதான், இரண்டுக்கும் நடுவே நாற்பது கிலோமீட்டருக்குக் குறையாது. ஒரகடத்தில் வேலை என்றாலும் வீட்டில் சென்னை என்றுதான் சொல்லிக்கொள்வார்கள். கம்பெனி பஸ் உண்டா, உண்டென்றால் எந்தெந்த நிறுத்தத்தில் எத்தனை மணிக்கு ஏற்றுகிறார்கள் என்ற பட்டியலை எச்.ஆரிடம் முதலிலேயே கேளுங்கள். அந்தப் பட்டியல் கையில் இருந்தால் பாதி வேலை முடிந்தது. நிறுத்தத்துக்கு நடந்து போகிற தூரத்தில் வீடு பார்த்தால் போதும், நகரத்தின் மற்ற பகுதியைப் பற்றிக் கவலையே வேண்டாம்.

கம்பெனி பஸ் இல்லையா? அப்படியானால் ரயிலை நம்புங்கள். கடற்கரை, தாம்பரம், செங்கல்பட்டு லைனில் ஒரு ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் இருந்தால் கிண்டி, மாம்பலம், எழும்பூர் எல்லாம் கைக்கெட்டிய தூரம். குரோம்பேட்டையிலிருந்து கிண்டிக்கு மின்சார ரயிலில் இருபது நிமிஷத்துக்குள் போய்விடலாம். அதே தூரத்துக்குக் காலை ஒன்பது மணிக்கு ஜி.எஸ்.டி. ரோட்டில் வண்டி ஓட்டிப் பாருங்கள், தெரியும். அம்பத்தூர் பக்கம் வேலை என்றால் சென்ட்ரல், ஆவடி லைனில் வில்லிவாக்கம், கொரட்டூர், பட்டரவாக்கம் என்று பார்க்கலாம். தரமணி, டைடல் பார்க் என்றால் கடற்கரையிலிருந்து வேளச்சேரி போகிற பறக்கும் ரயில். சிறுசேரிக்கு மட்டும் ரயில் உதவாது. அங்கே வேலை என்றால் நாவலூர், படூர், கேளம்பாக்கம் பக்கமே குடியேறுவதுதான் உடம்புக்கு நல்லது.

ஸ்டேஷனுக்குக் கிட்டே என்று சொல்லும்போது, தண்டவாளத்துக்கு எந்தப் பக்கம் என்றும் கேளுங்கள். மேப்பில் முந்நூறு மீட்டர் என்று காட்டும். ஆனால் நடுவில் தண்டவாளம் ஓடும், சுற்றிப் போனால் அது ஒரு கிலோமீட்டராகும். மழை நாளில் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றால் அந்தப் பக்கமே போக முடியாது. பள்ளிக்கூடம், மார்க்கெட், ஸ்டேஷன் டிக்கெட் கவுண்டர் மூன்றில் குறைந்தது இரண்டு உங்கள் பக்கம் இருக்கட்டும்.

"இங்க மெட்ரோ வரப்போகுதுங்க" என்று சொல்லி வாடகையைக் கூட்டுகிற வீட்டுக்காரர்களும் உண்டு. இரண்டாம் கட்ட மெட்ரோவுக்காக நகரத்தில் பல சாலைகளைத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள். ஓ.எம்.ஆர். என்கிற பழைய மகாபலிபுரம் சாலையிலும் அந்த வேலைதான் நடக்கிறது. ரயில் ஓடும்போது ரயிலுக்கான வாடகை கொடுப்போம். இப்போதைக்கு அங்கே இருப்பது தகர வேலியும் தூசியும்.

ஊரில் இருந்தபடியே செய்யக்கூடியது ஒன்று உண்டு. கூகுள் மேப்பில் வீட்டையும் ஆபீஸையும் போட்டு, திங்கட்கிழமை காலை எட்டரைக்குக் கிளம்பினால் எவ்வளவு நேரம் என்று பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் பார்த்துவிட்டு "அரை மணி நேரம்தான்" என்று சந்தோஷப்படாதீர்கள். ஸ்ட்ரீட் வியூ இருக்கிற தெருவாக இருந்தால் அதில் ஒரு நடை போய் வாருங்கள். வெளியூரில் உட்கார்ந்துகொண்டு இவ்வளவுதான் முடியும். வீட்டைப் பார்க்காமல், போட்டோவைப் பார்த்து டோக்கன் அட்வான்ஸ் ஜிபேயில் அனுப்பவே கூடாது. "நான் மிலிட்டரியில் இருக்கிறேன், இப்போது வட இந்தியாவில் இருக்கிறேன், பணம் போட்டால் சாவி கொரியரில் வரும்" என்று பேசுகிறவர்களிடம் போனை வைத்துவிடுங்கள். அந்த வீட்டுக்கும் அவர்களுக்கும் சம்பந்தமே இருக்காது. முதல் மாதம் பிஜியிலோ, ஆண் பிள்ளை என்றால் திருவல்லிக்கேணி மேன்ஷனிலோ தங்கிக்கொண்டு தேடுவது எவ்வளவோ மேல்.

சரி, இனி தண்ணீருக்கு வருவோம். இதைத்தான் நான் கொஞ்சம் நீட்டிப் பேசுவேன்.

சென்னையில் தண்ணீருக்கு இரண்டு முகம். 2015 டிசம்பரில் அடையாறு கரை மீறி முடிச்சூர், வரதராஜபுரம், ஜாபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் எல்லாம் மூழ்கின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பக்கம் தண்ணீர் நாட்கணக்கில் வடியவில்லை, படகில் போய் ஆட்களை ஏற்றி வந்தார்கள். இந்த இரண்டுக்கும் நடுவே 2019 கோடையில் ஏரிகள் எல்லாம் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் குடிதண்ணீர் கொண்டுவந்தார்கள். ஓ.எம்.ஆரில் சில கம்பெனிகள், ஆபீஸில் தண்ணீர் இல்லை, வீட்டிலிருந்தே வேலை பாருங்கள் என்று சொன்னதும் அந்தக் கோடையில்தான். ஆகவே ஒவ்வொரு வீட்டிலும் இரண்டு கேள்வி கேட்க வேண்டும். நவம்பரில் எவ்வளவு நிற்கும்? மே மாதம் எவ்வளவு வரும்?

முதல் கேள்வியை வீட்டுக்காரரிடம் கேட்டால் "நம்ம தெருவுல சுத்தமா நிக்காதுங்க" என்பார். வேளச்சேரியில் எந்தத் தெருவில் கேட்டாலும் இதே பதில்தான். மழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்து ஓரத்தில் கார்கள் வரிசையாக வந்து நிற்கும், அவையெல்லாம் வேறு எந்த ஊர்க் கார்களோ தெரியாது. அதனால் வாயால் கேட்பதைவிடக் கண்ணால் பாருங்கள். ரோட்டில் நின்று வாசலைப் பாருங்கள். ரோட்டிலிருந்து வீட்டுக்குள் ஏறுகிறீர்களா, இறங்குகிறீர்களா? இங்கே பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுத் தார் போட்டுப் போட்டு, பல தெருக்களில் ரோடு வீட்டைவிட உயர்ந்துவிட்டது. சுரண்டிவிட்டுத்தான் போட வேண்டும் என்று 2021-இல் தலைமைச் செயலாளர் உத்தரவே போட்டார். ஆனால் அதற்கு முன்னால் ஏறிய உயரம் ஏறியதுதான். வாசலில் ஒரு படி இறங்கினால்கூட அந்தத் தரைத்தளம் வேண்டாம் என்று நான் அங்கேயே திரும்பிவிடுவேன்.

அடுத்தது மோட்டாரும் மீட்டர் பெட்டியும். தண்ணீர் வந்த அனுபவமுள்ள அப்பார்ட்மென்டில் சம்ப் மோட்டாரை இடுப்பு உயரத் திண்டு கட்டி அதன் மேல் தூக்கி வைத்திருப்பார்கள். ஈபி மீட்டர் பலகையும் உயரத்தில் இருக்கும். காம்பவுண்டு சுவரில் ஒரே மட்டத்தில் ஒரு பழுப்புக்கோடு ஓடும். கீழே பெயிண்ட் புதிதாகவும் மேலே பழையதாகவும் இருந்தால் அதுவும் அந்தக் கோடுதான். திண்டு கட்டியிருப்பது கெட்டதல்ல, சொல்லப்போனால் விவரம் தெரிந்த குடியிருப்போர் சங்கம் என்று அர்த்தம். அங்கே இரண்டாம் மாடி கிடைத்தால் எடுக்கலாம், ஆனால் பைக்கை எங்கே ஏற்றுவது என்று யோசித்து வைத்துக்கொள்ளுங்கள். கீழே பார்க்கிங், மேலே வீடு என்று கட்டின இடங்களில் மூழ்குவது வண்டிதான்.

பிறகு தெருமுனைக்கு நடந்து போங்கள். இஸ்திரி வண்டிக்காரர் இருப்பார். வருஷக்கணக்கில் அதே இடத்தில் நிற்கிறவர், வாடகையில் அவருக்குப் பங்கு கிடையாது. "அண்ணே, மிக்ஜாம் அப்போ வண்டிய எங்க தள்ளிட்டுப் போனீங்க?" என்று கேளுங்கள். "தண்ணி நிக்குமா?" என்று கேட்டால் அவரும் "கொஞ்சம் நிக்கும்" என்று முடித்துவிடுவார். வண்டியை எங்கே தள்ளினார் என்று கேட்டால் மொத்தக் கதையும் வரும். எந்த வீட்டுப் படி வரை வந்தது, எத்தனை நாள் கரண்ட் இல்லை, யார் வீட்டு மாடியில் போய் இருந்தார்கள் என்று எல்லாமே சொல்வார். ஒரு தடவை பள்ளிக்கரணைப் பக்கம் இப்படிக் கேட்டபோது, அவர் பதில் சொல்லாமல் எதிர் வீட்டு கேட்டில் இரண்டாவது கம்பியைக் கையால் தொட்டுக் காட்டினார். எனக்கு அது நெஞ்சளவு.

இனி மே மாதக் கேள்வி. "தண்ணி இருபத்துநாலு மணி நேரமும் வரும்" என்பதில் அர்த்தமில்லை, குழாயைத் திறந்தால் தொட்டியில் இருப்பது வரத்தான் செய்யும். தொட்டிக்கு எங்கிருந்து வருகிறது? மெட்ரோ வாட்டர், அதாவது குடிநீர் வாரிய இணைப்பு உண்டா, அது தினமுமா, ஒருநாள் விட்டு ஒருநாளா? போர் எத்தனை அடி? லாரி வாங்குகிறார்களா, கோடையில் மாதத்துக்கு எத்தனை லாரி, அந்தக் காசு மெயின்டனன்ஸில் அடக்கமா, தனியா? ஓ.எம்.ஆர். பக்கத்துப் பெரிய பெரிய அப்பார்ட்மென்ட்களில் நீச்சல் குளமே இருக்கும், ஆனால் குடியிருப்பவர்கள் குளிப்பது லாரித் தண்ணீரில்தான். அங்கே வாடகை குறைவு என்று கணக்குப் போடுகிறவர்கள் மெயின்டனன்ஸையும் கூட்டிப் பார்க்க வேண்டும்.

தண்ணீரின் தரத்துக்கு யாரையும் கேட்க வேண்டாம். பாத்ரூமுக்குள் போய் ஷவரையும் குழாய் முனையையும் பாருங்கள். வெள்ளை வெள்ளையாக உப்புப் படிந்திருந்தால் கடினத் தண்ணீர். தலைமுடி வறண்டுபோகிறது என்று ஆறு மாதம் கழித்து அழ வேண்டாம், ஹீட்டர் கம்பியிலும் அதே உப்புதான் படியும். அப்புறம் ஃப்ளஷ் டேங்க் மூடியைத் தூக்கிப் பாருங்கள். யாரும் அதைச் சுத்தம் செய்து வைத்திருக்க மாட்டார்கள். அடியில் செம்மண் மாதிரி வண்டல் இருந்தால் இரும்புத் தண்ணீர், வெள்ளை வேட்டி எல்லாம் மஞ்சளாகும். வீடு காட்ட வந்தவர் ஒரு மாதிரி பார்ப்பார், பார்த்துவிட்டுப் போகட்டும். குடிக்க எப்படியும் கேன் வாங்குவீர்கள். லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடி என்றால் கேன் போடுகிற பையன் கூடக் காசு கேட்பான், அது நியாயம்தான்.

வருகிற தண்ணீரைப் பற்றிப் பேசுகிறவர்கள் போகிற தண்ணீரை மறந்துவிடுகிறார்கள். புறநகரில் பல தெருக்களுக்குப் பாதாளச் சாக்கடை இணைப்பு இன்னும் வரவில்லை. அங்கெல்லாம் செப்டிக் டேங்க்தான், நிரம்பினால் கழிவுநீர் லாரி வர வேண்டும். எத்தனை மாதத்துக்கு ஒருமுறை வருகிறது, யார் காசு என்று கேளுங்கள். பெருங்குடி, பள்ளிக்கரணைப் பக்கம் பார்க்கிறவர்கள் ஒரு மாலை நேரத்திலும் போய் நின்று பாருங்கள், நகரத்தின் பெரிய குப்பைக்கிடங்குகளில் ஒன்று அங்கேதான். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அதைப் பொறுத்துத்தான் ஜன்னலைத் திறப்பதும் மூடுவதும்.

வீட்டுக்குள்ளே பார்க்க வேண்டியது நீங்கள் நினைக்கிற அளவு இல்லை. வெயில்தான் முக்கியம். மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கிற வீட்டில் மே மாதம் இரவு பதினொரு மணிக்கும் சுவர் சுடும். அந்த வீடுகளைச் சாயங்காலம் நாலு மணிக்குப் போய்ப் பாருங்கள், காலையில் காட்டினால் எல்லாமே குளுகுளுவென்றுதான் இருக்கும். இந்த ஊரில் கோடையில் மதியத்துக்கு மேல் கடல்காற்று கிழக்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் உள்ளே வரும். அந்தப் பக்கம் திறக்கிற ஜன்னல் ஒன்று இருந்தால் அதற்கு ஐந்நூறு ரூபாய் கூடக் கொடுக்கலாம். ஜன்னலுக்குக் கொசுவலை இருக்கிறதா என்று பாருங்கள், பக்கத்தில் கால்வாய் இருந்தால் கட்டாயம் பாருங்கள். மாடுலர் கிச்சன், ஃபால்ஸ் சீலிங் இவையெல்லாம் போட்டோவுக்கு.

பெண் பிள்ளைகள் தனியாகக் குடியிருக்கப் போகிறார்கள் என்றால், இரவு ஒன்பதரைக்கு ஸ்டேஷனிலோ பஸ் ஸ்டாப்பிலோ இறங்கி வீடு வரை நடந்து பார்க்கச் சொல்வேன். எந்தக் கடை திறந்திருக்கிறது, எங்கே விளக்கு எரியவில்லை, நாய்க்கூட்டம் எந்த முனையில் படுத்திருக்கிறது என்பதெல்லாம் பகலில் தெரியாது. மெடிக்கல் ஷாப்பும் டிபன் கடையும் பத்து மணிக்கு மேல் திறந்திருக்கிற தெரு நல்ல தெரு.

தென்மாவட்டத்துக்காரர்களுக்கு இன்னொரு கணக்கு உண்டு. 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் திறந்த பிறகு நம் ஊர் பஸ் எல்லாம் அங்கிருந்துதான். ரயில் என்றால் நெல்லை, பாண்டியன், முத்துநகர், பொதிகை எல்லாமே தாம்பரத்தில் நிற்கும். மாதம் ஒருமுறை ஊருக்குப் போகிறவர்கள், அப்பா அம்மா அடிக்கடி வந்து போகிறவர்கள், பெருங்களத்தூர், தாம்பரம், குரோம்பேட்டை லைனை விட்டு ரொம்பத் தள்ளிப் போகாதீர்கள். அதிகாலையில் மூட்டை முடிச்சோடு இறங்குகிற பெரியவர்களை ஆவடி வரை இழுத்துப் போவது அவர்களுக்கும் கஷ்டம், நமக்கும் கஷ்டம்.

வீட்டுக்காரர் பேச்சுக்கு வருவோம். "சொந்த ஊர் எது? ஊர்ல எந்தப் பக்கம்? அப்பா பேர் என்ன?" என்று வரிசையாகக் கேட்பார். எதற்குக் கேட்கிறார் என்று உங்களுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். சிலர் நேராகவே "நாங்க வெஜிடேரியனுக்குத்தான் கொடுக்கிறது", "பேச்சிலர்ஸ் கிடையாது" என்பார்கள். முஸ்லிம் பெயரைக் கேட்டதும் "நேத்தே அட்வான்ஸ் வாங்கிட்டோமே" என்று சொன்னதை என் காதாலேயே கேட்டிருக்கிறேன். இதில் வாதாடி வீடு வாங்கி அந்த வீட்டில் நிம்மதியாக இருக்க முடியாது என்பது என் கருத்து. உங்களுக்குச் சண்டை போடத் தெம்பிருந்தால் போடுங்கள், நான் தடுக்க மாட்டேன். ஆனால் கறி, மீன் சமைப்பீர்கள் என்றால் அதை மறைக்காமல் முதல் நாளே சொல்லிவிடுங்கள். வாசனை எப்படியும் படியிறங்கிப் போய்ச் சொல்லிவிடும்.

பணம். சென்னையில் ஒரு காலத்தில் பத்து மாத அட்வான்ஸ் என்பது எழுதாத சட்டம். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி பேசிக்கொள்ளாதவரை மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது. அந்த "வேறு மாதிரி" என்பதில்தான் எல்லோரும் நுழைந்து ஆறு, எட்டு என்று கேட்கிறார்கள். பேசிக் குறைக்கலாம், குறையும். ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. இணையத்திலேயே பதியலாம். வாடகைத் தகராறு என்று தண்ணீரையோ கரண்டையோ நிறுத்தவும் வீட்டுக்காரருக்கு உரிமை கிடையாது.

ஒப்பந்தத்தில் மூன்று விஷயம் வார்த்தையாக இருக்கட்டும். காலி செய்யும்போது பெயிண்டிங்குக்கு எவ்வளவு பிடிப்பார்கள் என்பது ஒன்று. ஒரு மாத வாடகை பிடிப்பது இங்கே வழக்கம், "ஆன செலவு" என்று எழுதினால் கையெழுத்துப் போடாதீர்கள். வருஷத்துக்கு எத்தனை சதவீதம் ஏற்றுவார்கள் என்பது இரண்டாவது. கரண்ட் மூன்றாவது. உங்கள் வீட்டுக்கென்று தனி ஈபி இணைப்பு இருந்தால் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருகிற பில்லில் முதல் நூறு யூனிட் இலவசம். வீட்டுக்காரர் சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு எட்டு, பத்து என்று வாங்கினால் அந்த நூறும் உங்களுக்கு வராது. ஏசி போடுகிறவர்களுக்கு இது சின்ன விஷயமல்ல. முன்பிருந்தவர்களின் ஏப்ரல், மே பில் ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள்.

புரோக்கர் மூலம் போனால் ஒரு மாத வாடகை அவருக்கு. கொடுக்க மனமில்லாதவர்கள் தெருத் தெருவாக நடந்து டு-லெட் போர்டு பார்க்கலாம், இன்றைக்கும் நல்ல வீடுகள் அப்படித்தான் கிடைக்கின்றன. பல வீட்டுக்காரர்கள் ஆப் பக்கமே போவதில்லை, கேட்டில் ஒரு அட்டையைத் தொங்கவிடுவதோடு சரி. ஆடியிலும் மார்கழியிலும் யாரும் வீடு மாற மாட்டார்கள், அதனால் அந்த இரண்டு மாதங்களில் காலி வீடு சும்மா கிடக்கும், வீட்டுக்காரரும் இறங்கி வருவார். அப்போது பார்த்துப் பேசி முடித்து, ஆவணியிலோ தையிலோ குடிபோகலாம். மார்கழியில் பார்ப்பதில் இன்னொரு லாபம், மழை அப்போதுதான் ஓய்ந்திருக்கும். சுவரில் ஈரம் எதுவரை ஏறியது என்று பார்த்தாலே தெரியும், வெள்ளையடித்து மறைக்க அவர்களுக்கு நேரம் இருந்திருக்காது.

சாவி வாங்குகிற அன்று, சாமான் இறங்குவதற்கு முன்னால், ஒவ்வொரு அறைச் சுவரையும், உடைந்த டைல்ஸையும், குழாயையும், ஈபி மீட்டர் ரீடிங்கையும் போட்டோ எடுத்து வீட்டுக்காரருக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். தேதியோடு அவர் போனிலும் கிடக்கும், உங்கள் போனிலும் கிடக்கும். பால் காய்ச்சுவதை அதற்கப்புறம் வைத்துக்கொள்ளலாம்.